கை தூக்காத சனிக்கிழமை

கிளெனிஸ் பாஸ்கோவிடம் செக்வே ஓட்டக் கற்றுக்கொள்ளப் பன்னிரண்டு நிமிடம் போதும். கடற்பாலத்துக்கு எதிரே உள்ள கார் நிறுத்துமிடத்தில் எட்டு ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்திருப்பார். சுற்றுலாவுக்கு வந்தவர்களின் தலைக்கவசப் பட்டையை அவரே மாட்டிவிடுவார். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா என்று பார்ப்பார். அந்த விரல் நுழைந்து வெளியே வருவதற்குள் யார் பயப்படுகிறார்கள், யார் பயமில்லாததுபோல் நடிக்கிறார்கள், யார் கணவரின் தொல்லை தாங்காமல் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கண் அது.

“ரெண்டு சக்கரம், நடுவுல ஒரு பலகை. பலகைல நீங்க நிக்கறீங்க. முன்னால சாஞ்சா போகும், பின்னால சாஞ்சா நிக்கும். கைப்பிடியை எந்தப் பக்கம் சாய்க்கறீங்களோ அந்தப் பக்கம் திரும்பும். பிரேக் எங்கேன்னு தேடாதீங்க, கிடையாது. உங்க குதிகால்தான் பிரேக்.”

அதிகம் பயந்தவரைத்தான் முதலில் ஏற்றுவார். எதிரே நின்று கைப்பிடியைத் தானே பிடித்துக்கொள்வார். “கீழ பாக்காதீங்க. என் மூக்கைப் பாருங்க. அழகான மூக்கு இல்லைதான், இருந்தாலும் பாருங்க.” சிரித்த நொடியில் அந்த ஆளின் முழங்கால் இளகும். முழங்கால் இளகினால் வண்டியின் நடுக்கமும் நின்றுவிடும். நடுங்கியது வண்டி இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரியும்.

தென் ஆஸ்திரேலியக் கடலோர ஊரான போர்ட் மெரினில், இந்தத் தொழிலில் கிளெனிஸுக்கு இது நாலாவது கோடை. வயது அறுபத்து மூன்று. உள்பகுதிக் கோதுமைப் பண்ணைகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவந்த அவருடைய பேருந்து, அங்கே இருந்த பள்ளியை மூடியதும் நின்றுபோனது. அதே வருடம் இடுப்பு மூட்டும் தகராறு செய்ய ஆரம்பித்தது. கலங்கரை விளக்கம் வரை நடந்துபோய்த் திரும்புவது பிறந்ததிலிருந்து அவர் செய்துவந்த காரியம். மூன்று வருடம் அதைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. பிறகு மகளைப் பார்க்க அடிலெய்டு போனபோது, பொழுது போகாமல் ஒரு செக்வேயில் ஏறி நின்றிருக்கிறார். இடுப்பு வலிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இறங்கச் சொன்னபோது இன்னொரு சீட்டு வாங்கிக்கொண்டாராம்.

அடுத்த மாதமே, தொழிலை விட்டு விலகிய ஒருவரிடமிருந்து ஆறு வண்டிகளை வாங்கி, குதிரை ஏற்றும் டிரெய்லரில் ஊருக்குக் கொண்டுவந்தார். ஊர் சிரித்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கத் தன் தகரக் கொட்டகைக்குள் தனியாகப் பழகினார். பத்தொன்பது முறை விழுந்தார். எண்ணி வைத்திருக்கிறார். எந்தெந்தத் தப்புக்கு எப்படி விழுவோம் என்று தெரிந்தால்தான் மற்றவர்களை விழாமல் வைத்துக்கொள்ள முடியும் என்பது அவர் கணக்கு. நாலு கோடையில் அவருடைய சுற்றுலாவுக்கு வந்த யாருக்கும் முழங்கால்கூடச் சிராய்க்கவில்லை.

அவருடைய வண்டியின் கைப்பிடியில் ஒரு சைக்கிள் மணியும் ஒரு வட்டக் கண்ணாடியும் உண்டு. மணி ஒரு முறை அடித்தால் வேகம் குறைக்க வேண்டும், இரண்டு முறை அடித்தால் நிற்க வேண்டும். கண்ணாடியில் பின்னால் வரும் முகங்களை எண்ணிக்கொண்டே போவார். வாத்துக் குஞ்சுகள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக, கடலோரக் கான்கிரீட் பாதையில், இரண்டு கிலோமீட்டர் தூரம். போகும்போது இடது பக்கம் கடல், வலது பக்கம் புல்வெளியும் நார்ஃபோக் பைன் மரங்களும், புல்லில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் சங்கமும். வரும்போது எல்லாம் பக்கம் மாறும்.

வெளியூர்க்காரர்களால் அவருக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. தொல்லை தந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் எதிரே கார் வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்குவோம். நடந்துபோனால் கையைத் தூக்குவோம். தெரிந்தவர், தெரியாதவர், டிராக்டர், பால் வண்டி, சவ ஊர்தி, எதுவானாலும் சரி. நாலு வயதில் ஆரம்பிக்கிற பழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கண் இமைப்பது மாதிரி. செக்வேயில் நிற்கும்போது வலது கையைத் தூக்கினால் உடம்பின் பாரம் முழுக்க இடது கையில் இறங்கும். கைப்பிடி இடது பக்கம் சாயும். வண்டி சொன்னபடி கேட்டு இடது பக்கம் போகும்.

போன டிசம்பரில் டிரெவர் என்ற பார்லி விவசாயி அப்படித்தான் போனார். திரும்பி வரும் வழியில் தபால்காரருக்குக் கை தூக்கினார். வேலிச்செடியைப் பிளந்துகொண்டு பௌல்ஸ் சங்கத்தின் புல்தளத்துக்குள் நுழைந்து, நடுவில் கம்பீரமாக நின்றார். தொப்பிகூட விழவில்லை. ஆனால் பில்லியர்ட்ஸ் மேசை மாதிரி வளர்த்து வைத்திருந்த புல்லில் இரண்டு கோடுகள். சங்கச் செயலாளர் மார்லீன் ஷுல்ட்ஸ் நகர மன்றத்துக்குப் புகார் எழுதினார். மன்ற உறுப்பினர் நெவில் ஹாஸ்கிங், கடலோரப் பாதையில் செக்வேக்களுக்கு இடமில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தார். சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. பாதை போனால் கிளெனிஸின் வண்டிகள் கொட்டகைக்குள் போக வேண்டியதுதான்.

மன்றம் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தது. செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்புக்கு முன், சனிக்கிழமை ஒரு சோதனை ஓட்டம். நெவில், மார்லீன், பாதைகளுக்குப் பொறுப்பான மன்ற அலுவலர் டாஷா லிண்ட்னர் மூவரும் வண்டியில் போக வேண்டும். கடற்பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் போய்த் திரும்பும்வரை ஒரு சக்கரம்கூடப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஊர்ப் பத்திரிகை சார்பில் நாலாவது வண்டி எனக்கு.

சனிக்கிழமை காலை, ஜனவரி மாதம், நண்டுப் பருவம். கடலோரத்தில் பாதி ஊர் இருக்கும். அதுவும் மூவருமே உள்ளூர்.

“வெளிநாட்டுக்காரங்க மூணு பேரை அனுப்பச் சொல்லு, கண்ணைக் கட்டிக்கிட்டுக் கூட்டிட்டுப் போறேன்,” என்று வியாழக்கிழமை பேக்கரியில் கிளெனிஸ் சொன்னார். பேக்கரி நடத்தும் லீசா இறைச்சி அடைத்த பேஸ்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கிளெனிஸ் தொடர்ந்தார். “நெவ் ஒரு ஆளையாவது பாத்து சும்மா இருப்பானா? அவன் ஓட்டு வாங்கறதே அந்தக் கையாலதான்.”

“அப்போ யாரும் அவரைப் பாத்துக் கை தூக்காம இருந்தா?” என்றார் லீசா.

பேஸ்டியைக் கடித்த கிளெனிஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

அன்று மதியத்துக்குள் சேதி படகுத் துறைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கடலில் இறங்கும் குளியல் கூட்டத்துக்குப் போனது. அந்தப் பெண்கள் பத்து மணிக்குத்தான் கரையேறுவார்கள். “நாங்க போகும்போது கண்டுக்காதீங்க. கடலைப் பாருங்க, செருப்பைத் தேடுங்க, என்ன வேணா பண்ணுங்க. கை மட்டும் தூக்காதீங்க,” என்றார் கிளெனிஸ்.

“பக்கத்து வீட்டுக்காரரைப் பாத்துக் கை தூக்காம எப்படி?” என்று ஒரு பெண் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

“ஒரு அரை மணி நேரம்மா. அப்புறம் வீட்டுக்குப் போய் வேலி மேல ஏறி நின்னு கையை ஆட்டு.”

கிளெனிஸ் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் கை தூக்காமல் இருப்பது மறதி இல்லை. அது ஒரு சேதி. உன்னோடு முடிந்தது என்று அர்த்தம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வடக்குக் காற்று சூடாக வீச ஆரம்பித்திருந்தது. நெவில் இஸ்திரி போட்ட அரைக்கை சட்டையில் வந்தார். அறுபத்தொன்பது வயது, அகலமான ஆள், கோதுமை விதைத்த காலத்துத் தோள்கள்.

“எடை வரம்பு இருக்காமே, கிளென்?”

“இருக்கு. நீ அதுக்குள்ளதான் வர்றே, மூச்சை இழுத்துப் பிடிச்சா.”

டாஷாவுக்கு இருபத்தொன்பது வயது. பத்து வருடம் கிளெனிஸின் பேருந்தில் போனவள். தலைக்கவசப் பட்டையை மாட்டும்போது கிளெனிஸ், “நாலாவது சீட்டு, ஜன்னல் பக்கம், பிளாஸ்டிக் பை,” என்றார்.

“மிசஸ் பாஸ்கோ, நான் இப்போ அலுவலர். வாந்தி எல்லாம் எடுக்கறதில்லை.”

“சந்தோஷம் கண்ணு. அறிக்கைல அதையும் எழுதிக்கோ.”

மார்லீன் நேராக வந்து ஏறி நின்றார். கூம்புகளுக்கிடையில் முதல் முறையே சுத்தமாகப் போய்த் திரும்பினார். எழுபது வயது. பந்து உருட்டி உருட்டி எடையைச் சாய்க்கத் தெரிந்த உடம்பு.

கிளம்பும் முன் கிளெனிஸ், “யாரையாவது பாத்தா புருவத்தைத் தூக்குங்க, போதும். கை ரெண்டும் கைப்பிடில,” என்றார்.

“எனக்குத் தெரியும்,” என்றார் நெவில்.

கிளெனிஸ் முன்னால், அடுத்து நெவில், மார்லீன், டாஷா, கடைசியில் நான். பேக்கரி வாசலில் நாலு மேசை நிறைய ஆட்கள். நெவில் முகத்தில் புன்னகையைத் தயாராக வைத்திருந்தார். நாலு மேசையும் ஒரே சமயத்தில் மெனு அட்டையைப் படிக்க ஆரம்பித்தது. அந்தப் பேக்கரியில் முப்பது வருடமாக அதே எட்டுப் பொருள்தான்.

நெவிலின் கை கைப்பிடியை விட்டு எழவில்லை. எழ ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வண்டி நேராகப் போனது. கிளெனிஸின் வட்டக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, திருப்தியாக இருந்தது.

அடுத்து குளியல் கூட்டம். ஒன்பது பெண்கள், ஒன்பது முதுகுகள், ஒன்பது துண்டுகள். பைன் மரத்தடியில் தெர்மாஸ் வைத்துக்கொண்டு தினமும் உட்காரும் தம்பதி, கண்ணை மூடித் தூங்குவதாகக் காட்டிக்கொண்டார்கள். கணவர் கையில் கோப்பை நிறையத் தேநீர் இருந்தது. சைக்கிளில் எதிரே வந்த பெண் தலையைக் கடல் பக்கம் திருப்பியதில் விளக்குக் கம்பத்தை ஒட்டி உரசிக்கொண்டு போனாள். ஊர் ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாகச் செய்யாது.

நெவிலின் தோள்கள் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தன. பின்னாலிருந்து எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. புன்னகை எங்கே போனதென்று தெரியவில்லை.

படகுத் துறைக்குப் பக்கத்தில், பிடித்த நண்டு சின்னதா என்று அளந்து பார்க்கும் மேசை. அங்கே டக் நின்றிருந்தார். நெவிலின் மனைவிக்குத் தம்பி. நாற்பது வருடமாக இருவரும் ஒரே படகில் போகிறவர்கள். வண்டிகள் நெருங்கியதும் டக் குனிந்து ஒரு வாளிக்குள் தலையை விட்டார். தோள்வரை விட்டார்.

நெவில் குதிகாலை அழுத்தினார். வண்டி நின்றது. கற்றுக்கொடுத்தபடியே ஒவ்வொரு காலாக இறக்கிவைத்து, கைப்பிடியை விடாமல் நின்றார். கிளெனிஸ் கண்ணாடியில் பார்த்துவிட்டு இரண்டு முறை மணி அடித்தார். எல்லோரும் நின்றோம்.

“நான் அப்படி என்ன பண்ணிட்டேன்?” என்றார் நெவில்.

“எதுக்குக் கேக்கறே?”

“நடிக்காத, கிளென். பாலத்துலேர்ந்து இங்க வரைக்கும் நாப்பது பேர். ஒருத்தர் கை தூக்கலை. பொம்பளைங்க முதுகைக் காட்டிட்டு நிக்கறாங்க. என் சொந்த மச்சான் காலி வாளிக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கறான்.” அவர் வாளியைக் காட்டினார். “இந்த வண்டிங்க வேணாம்னு சொன்னதுக்குத்தான? உன் மேல ஊருக்கு இவ்வளவு பிரியம்னு எனக்குத் தெரியாது. சரி. செவ்வாய்க்கிழமை தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன். எனக்குக் கை தூக்க ஆளில்லாத ஊர்ல நான் எப்படி இருப்பேன்?”

கிளெனிஸுக்கு வேண்டியது அவ்வளவுதான். “சரி நெவ், ரொம்ப நன்றி,” என்று சொன்னால் போதும். சொல்லாமல் தலையை ஆட்டினால்கூடப் போதும். டாஷா கையில் பேனா இருந்தது, மார்லீன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

கிளெனிஸ் வண்டியிலிருந்து இறங்கினார். வலிக்கிற இடுப்போடு இரண்டு எட்டு நடந்து நெவிலிடம் வந்தார்.

“யாரும் உன்னை ஒதுக்கலை. நான்தான் சொல்லி வெச்சேன்.”

“என்னன்னு?”

“உன்னைப் பாத்துக் கை தூக்காதீங்கன்னு.”

“எல்லார்கிட்டயுமா?”

“பேக்கரில சொன்னேன். பேக்கரில சொன்னா எல்லாருக்கும்தான்.”

“எதுக்கு?”

“நீ பதிலுக்குத் தூக்குவே. தூக்குனா இடப்பக்கம் போவே. இங்க இடப்பக்கம் கடல் இருக்கு. உனக்கு நீச்சல் தெரியாது. நான் மூணாம் வகுப்பு படிச்சப்போலேர்ந்து எனக்குத் தெரியும்.”

மார்லீன் சிரித்த சிரிப்பில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நெவில் சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. பாதி நிம்மதி, மீதி கோபம்.

“அப்போ இது சோதனையே இல்லை. ஏமாத்து வேலை.”

“ஆமா.”

“மிசஸ் பாஸ்கோ,” என்றாள் டாஷா சங்கடத்தோடு, “இதை நான் எழுதியாகணும்.”

“எழுது கண்ணு. நான் உனக்கு எப்பவாவது ஹோம்வொர்க் தப்பா செய்யச் சொல்லியிருக்கேனா?” பிறகு நெவிலைப் பார்த்தார். “கலங்கரை விளக்கம் இன்னும் எண்ணூறு மீட்டர். இங்கேர்ந்து யார் வேணா கை தூக்கட்டும், ஊர் ஊரா இருக்கட்டும். நீ இப்பவே இறங்கி நடந்தே போறேன்னாலும் சரி, நான் தடுக்கலை.”

நெவில் பாதையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அவருக்கும் முழங்கால் சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். ஏறிக்கொண்டார்.

“டக்!” என்று கிளெனிஸ் கத்தினார். “போதும். தலையை வெளிய எடு.”

“உறுதியாவா?” வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது. “கழுத்து பிடிச்சுக்கிச்சு.”

“மச்சான், நீயே இப்படிப் பண்ணலாமாடா?” என்றார் நெவில்.

டக் நிமிர்ந்தார். “உன் நல்லதுக்குன்னு சொன்னாங்க. எனக்கும் உன்னைக் கண்டுக்காம ஒரு நாள் இருந்து பாக்கணும்னு ரொம்ப வருஷமா ஆசை.”

அங்கேயே நின்றபடி கிளெனிஸ் ஒரு புதிய விதி சொன்னார். யாரையாவது பார்த்தால் முதலில் வண்டியை நிறுத்த வேண்டும். இரண்டு கால்களிலும் சமமாக நிற்க வேண்டும். அதன் பிறகு கையைத் தூக்கலாம். கை கைப்பிடிக்குத் திரும்பிய பிறகே கிளம்ப வேண்டும். பேருந்து நிற்காமல் யாரும் இருக்கையை விட்டு எழக் கூடாது என்று இருபத்தாறு வருடம் பிள்ளைகளிடம் சொன்னவருக்கு இது முன்பே தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கிறது. ஆனால் விளம்பரப் பலகையில் ஒரு மணி நேரச் சுற்றுலா என்று எழுதிப் போட்டிருந்தார். வாழ்நாளில் ஒரு நிறுத்தத்துக்கும் பிந்திப் போகாதவர். எதிரில் வருகிற ஒவ்வொருவருக்காகவும் நின்றால் நேரம் என்ன ஆவது என்று அந்த யோசனையை நாலு கோடையாகத் தள்ளி வைத்திருந்தார்.

நேரம் அவர் பயந்தபடியே ஆனது. கலங்கரை விளக்கம் போய்த் திரும்புவதற்குள், தடை முடிந்த சேதி எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. அடக்கி வைத்திருந்த கைகளெல்லாம் ஒரேயடியாக எழுந்தன. தூங்குவதாக நடித்த தம்பதி எழுந்து நின்று கை தூக்கினார்கள். குளியல் கூட்டத்துப் பெண்கள் துண்டுகளை ஆட்டினார்கள். மணி இரண்டு முறை, நிற்பது, தூக்குவது, வைப்பது, கிளம்புவது. நிற்கிற இடத்திலெல்லாம் நாலு வார்த்தை. நெவிலின் தோள்கள் பழைய இடத்துக்கு வந்திருந்தன. பௌல்ஸ் சங்கத்தை நெருங்குவதற்குள் இருபத்து மூன்று முறை நின்றிருந்தோம். இருபத்து மூன்று முறையும் சக்கரங்கள் பாதையில்தான் இருந்தன.

சங்கத்து வேலிச்செடிக்கு அருகே ராஸ் கெல்லி ஊன்றுகோலோடு நின்றிருந்தார். நெவிலின் பழைய பண்ணைக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர். ஒரு வேலித் தகராறில் பதினோரு வருடமாக இருவரும் ஒருவருக்கொருவர் விரல்கூடத் தூக்கியதில்லை. எதிரெதிரே கார் வந்தால் இருவரும் ரேடியோவைத் திருகுவார்கள். ராஸ் பேக்கரிக்குப் போகிறவர் இல்லை. கிளெனிஸின் ஏற்பாடு அவர் காதுக்கு எட்டவில்லை. காலையில் ஊரே நெவிலுக்கு முதுகைக் காட்டியதை மட்டும் சங்கத்து வராந்தாவிலிருந்து பார்த்திருக்கிறார்.

ராஸ் கை தூக்கினார்.

நெவில் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே வந்திருக்காது. வலது கை தானாக மேலே போனது, முழு நீளத்துக்கு. வண்டி இடது பக்கம் திரும்பியது. கிளெனிஸ் கண்ணாடியில் பார்த்த கணமே மணி இரண்டு முறை ஒலித்தது, “குதிகால், நெவ்! குதிகால்!” என்ற கத்தலும் சேர்ந்து வந்தது. நெவில் பின்னால் சாய்ந்தார். வண்டி நின்றது. வலது சக்கரம் கான்கிரீட்டில், இடது சக்கரம் புல்லில். வேலிச்செடிக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. அவர் கை இன்னும் மேலேயே இருந்தது.

“வெயில் ஜாஸ்தி,” என்றார் ராஸ்.

“ஆமா,” என்றார் நெவில். “வடக்குக் காத்து.”

பதினோரு வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. டாஷா கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

“நீ புல்லு மேல நிக்கறே, நெவ்,” என்றார் மார்லீன்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். சோதனை தோற்றுவிட்டது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மற்றவர்கள் போன பிறகு, வண்டிகளுக்குச் சார்ஜ் ஒயரை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்த கிளெனிஸிடம் ஒன்று கேட்டேன். அவரே வாபஸ் வாங்கறேன்னு சொன்னப்புறம் ஏன் வாயைத் திறந்தீங்க?

“அவன் மூஞ்சியைப் பாத்தியா நீ?” என்றார். “பஸ்ல பக்கத்துல யாரும் உக்காராத புள்ளைக்குத்தான் அந்த மூஞ்சி வரும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பாப்பேன். அப்படிப் புள்ளையை என் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சு கியரைத் தொடச் சொல்லுவேன். அந்த மூஞ்சியை வெச்சு எனக்கு எதுவும் கிடைக்க வேணாம்.” ஆறாவது ஒயர் சரியாகப் பொருந்தவில்லை. குனிந்து ஊதித் தூசியைத் தட்டி மறுபடி மாட்டினார். “பாதை போனா போகட்டும். காலைல எழுந்து என்ன பண்றதுன்னு மட்டும்தான் தெரியலை.”

அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

செவ்வாய் மாலை மன்றக் கூடத்தில் நாற்காலிகள் போதவில்லை. டாஷா அறிக்கையை வாசித்தாள். எதையும் விடவில்லை. பேக்கரி, வாளி, ஒன்பது துண்டுகள், எல்லாம் இருந்தன. “இடது சக்கரம் ஒன்பது விநாடி புல்லில் இருந்தது. காரணம், உறுப்பினர் கை தூக்கினார்.” கூட்டம் சிரித்தது. தலைவர் மேசையைத் தட்டினார். கிளெனிஸ் இரண்டாவது வரிசையில், இருபத்தாறு வருடம் பேருந்துக்குப் போட்டுக்கொண்ட அதே நீல மேல்சட்டையில், நேராக உட்கார்ந்திருந்தார்.

நெவில் எழுந்தார்.

“சக்கரம் வெளிய போச்சு. என் சக்கரம்தான். நிறுத்திட்டுத் தூக்குன்னு அவ சொல்லியிருந்தா. இருபத்து மூணு தடவை நான் நிறுத்தவும் செஞ்சேன். ராஸ் கை தூக்குனப்போ மறந்துட்டேன். மறுபடி தூக்குனா மறுபடியும் மறப்பேன், அதுக்கு அவ பொறுப்பில்லை.” கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு வாளி பக்கத்துல நின்னப்போ நான் தீர்மானத்தை வாபஸ் வாங்கறேன்னு என் வாயால சொன்னேன். அவ பேசாம இருந்திருந்தா இன்னிக்கு நீங்க எல்லாரும் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பீங்க. அவ பேசினா. அப்படிப்பட்ட ஆள் வண்டியை முன்னால ஓட்டிட்டுப் போனா பின்னால போக எனக்குப் பயமில்லை.”

தீர்மானத்தைத் திருத்திக் கொடுத்தார். பாதை அனுமதி ஒரு வருடத்துக்கு. கை தூக்குமுன் வண்டி நிற்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. நண்டுப் பருவத்தில் சனிக்கிழமை ஓட்டம் கிடையாது. டிரெவர் பிளந்த வேலிச்செடியைச் சரிசெய்ய இரண்டு நாள் உழைப்பு கிளெனிஸ் தர வேண்டும், இதைச் சேர்க்கச் சொன்னவர் மார்லீன். சனிக்கிழமைதான் கிளெனிஸுக்கு நல்ல வருமானம் வரும் நாள். அதைக் கேட்டபோது அவர் உதடு ஒரு கணம் இறுகியது. பிறகு தலையை ஆட்டினார்.

ஆறுக்கு இரண்டு என்று நிறைவேறியது. எதிர்த்த இருவரும் கடைசிவரை சிரிக்கவில்லை. அவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. பாதை நடக்கிறவர்களுக்குத்தான் என்றார்கள், அதையும் பத்திரிகையில் போட்டோம்.

கூட்டம் கலையும் முன் டாஷா அனுமதிப் படிவத்தோடு கிளெனிஸிடம் வந்தாள். பெயர், வண்டிகள், வழித்தடம், எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஒரு கட்டம் மட்டும் காலி.

“சுற்றுலா நேரம்னு ஒரு இடம் இருக்கு, மிசஸ் பாஸ்கோ. முன்னாடி ஒரு மணி நேரம்னு போட்டிருந்தீங்க. இப்போ எவ்வளவுன்னு போடட்டும்?”

கிளெனிஸ் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“யார் யார் வெளியில இருக்காங்கங்கறதைப் பொறுத்தது,” என்றார்.

டாஷா அதையே எழுதிக்கொண்டாள்.